மூலையில் கிடக்கும் மெயில் சர்வர்

மாங்கூழோ கிரானைட்டோ, தருமபுரியிலிருந்து வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்பும் தொழில்களுக்கு ஆர்டரும் இன்வாய்ஸும் கப்பல் ஆவணங்களும் மின்னஞ்சலில்தான் போய்வருகின்றன. அந்த மின்னஞ்சலை அலுவலக மூலையில் யுபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் கிடக்கும் பழைய சர்வரில் இன்னும் வைத்திருப்பவர்கள் கிளவுடுக்கு மாறுவதை இனியும் தள்ளிப்போடக் கூடாது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 பதிப்புகளுக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. எக்ஸ்சேஞ்சில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பதை 2021 மார்ச்சில் உலகம் பார்த்தது: பல்லாயிரம் சர்வர்களுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். இப்படிப் புகுபவர் பல நேரங்களில் எதையும் உடைப்பதில்லை. வாரக்கணக்கில் சத்தமில்லாமல் கடிதங்களைப் படித்துக்கொண்டிருப்பார். இன்வாய்ஸ் போன மறுநாள் அதே முகவரியிலிருந்து, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தை இதில் போடுங்கள்' என்று வாங்குபவருக்கு ஒரு வரி போகும். ஒரு சீசனின் உழைப்பு அந்த ஒரு வரியில் போய்விடும்.

கிளவுடுக்கு மாதா மாதம் வாடகை கட்ட வேண்டுமே என்பார்கள். கட்டத்தான் வேண்டும். ஆனால் சர்வருக்கும் செலவு உண்டு: ஹார்டு டிஸ்க், யுபிஎஸ் பேட்டரி, பழுதானால் சேலத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரவேண்டிய ஆள். அதோடு, அனுப்பியவர் யார் என்பதற்கான எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் சான்று இல்லாத கடிதங்களை ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து கறாராக வடிகட்டுகிறது. பழைய சர்வரிலிருந்து போன விலைப்பட்டியல் ஸ்பேமில் விழுந்தால், விழுந்தது அனுப்பியவருக்குத் தெரியவே தெரியாது.

கனமான ஆட்சேபம் வேறு: நம் கடிதங்களை அடுத்தவர் வீட்டில் வைப்பதா? இந்தப் பயத்துக்கு ஆதாரமும் இருக்கிறது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைக்குப் பிறகு, இந்திய எண்ணெய் நிறுவனமான நயாரா எனர்ஜிக்கான சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அந்த நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாட்களில் சேவை திரும்பியது. எண்ணெய் நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால் சிறு தொழிலுக்கு எத்தனை பலம்? ஆனாலும் இது பழைய சர்வரைக் கட்டிக்கொண்டிருப்பதற்கான காரணம் ஆகாது, வெளியேறும் வழியைக் கையில் வைத்துக்கொள்வதற்கான காரணம். டொமைன் பெயர் உங்கள் பெயரில் இருந்து, கடிதங்களின் நகல் ஒன்று உங்களிடம் இருந்தால், ஒரு நிறுவனம் கைவிட்டாலும் அதே முகவரியோடு இன்னொன்றுக்குப் போய்விடலாம். மத்திய அரசே சுமார் 12 லட்சம் மின்னஞ்சல் கணக்குகளை நம்மூர் ஜோஹோவின் தளத்துக்கு மாற்றியிருக்கிறது. வெளிநாட்டு நிறுவனம்தான் கதி என்ற நிலை இன்று இல்லை.

மே மாத மாங்காய் வரத்துக்கு நடுவில் இந்த மாற்றத்தைத் தொடாதீர்கள். மாற்றிய பிறகும் பழைய சர்வரை ஒரு மாதம் ஓடவிடுங்கள். டேலியும் ஸ்கேனரும் அதன் வழியாகத்தான் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தன என்பது பல இடங்களில் அணைத்த பிறகே தெரியவரும். அதற்கெல்லாம் முன்னால், டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். வெப்சைட் செய்துகொடுத்தவர் பெயரில் இருந்தால், முதல் வேலையாக அதை உங்கள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள்.