மாடி போர்ஷன் வாடகைக்கு: முதல் கேள்வி எது?



கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு தம்பி போன் பண்ணினார். தென்மாவட்டத்துக்காரர், அரசு வேலை, ஆரணிக்கு மாற்றல். மனைவி, ரெண்டு பிள்ளைகள். "அண்ணே, ஒரு வீடு பாருங்க. ரெண்டு ரூம் போதும். தண்ணி வசதி வேணும், ஸ்கூல் பக்கத்துல இருக்கணும்" என்றவர் கொஞ்சம் இழுத்தார். "அப்புறம், நம்ம ஆளுங்க இருக்கிற தெருவா இருந்தா நல்லது."

அவர் சொன்ன 'நம்ம ஆளுங்க' கட்சிக்காரங்க இல்லை. பட்டியல் சாதியில் பிறந்தவர் அவர். தன் சாதிக்காரர்கள் இருக்கும் தெருவைத்தான் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. சாதி வேண்டாம்னு இருபது வருஷமா பேசிட்டு, தம்பிக்கே அதைச் சொல்லிப் புரிய வைக்கலையேன்னு நினைச்சேன். காரணம் கேட்டேன். முன்பு வேலை பார்த்த ஊரில் ரெண்டு தடவை வீடு மாற்ற வேண்டி வந்ததாம். ரெண்டாவது தடவை வீட்டுக்காரர் காரணத்தைப் பிள்ளைகள் முன்னாடியே சொல்லிவிட்டாராம். "எனக்குப் பழகிப்போச்சு அண்ணே. சின்னவ ரெண்டு நாளு அதையே கேட்டுக்கிட்டு இருந்தா."

இதற்கு மேல் அவருக்கு நான் என்ன பாடம் எடுப்பது?

சரி, ஆரணிக்கு வருவோம். வெளியூர் தோழர்களுக்கு எங்க ஊரைப் பற்றித் தெரிந்தது பட்டும் அரிசியும். கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊருக்கு வேறொரு முகமும் உண்டு. மராட்டிய ஜாகீர்தார்கள் ஆண்ட ஊர் இது. 1751-இல் ராபர்ட் கிளைவ் படையும் பிரெஞ்சுக்காரர்கள் துணையோடு வந்த படையும் மோதியது இந்த மண்ணில்தான். இன்னிக்கும் கடைத்தெருவில் அரை மணி நேரம் நின்றால் தமிழ், சௌராஷ்டிரம், தெலுங்கு, உருது எல்லாம் காதில் விழும். பக்கத்துப் பூண்டியில் தமிழ்ச் சமணர்களின் பழைய கோயில் இருக்கிறது. நம்ம தறியில் ஓடும் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகாவிலிருந்தும், ஜரிகை சூரத்திலிருந்தும் வருகிறது. சேலைக்கு மட்டும் பெயர் ஆரணி.

இவ்வளவு கலந்த ஊரில் தெரு மட்டும் ஏன் கலக்கவில்லை?

அதற்கு ஒரு தொழில் காரணம் சொல்வார்கள். அதில் உண்மையும் இருக்கிறது. பட்டுத்தறி வீட்டுக்குள்ளேயே குழி வெட்டிப் போட்ட தறி. வீடுதான் பட்டறை. பாவை நீட்டிக் கட்டி, இழை பிரித்து, கஞ்சி போட நீளமான நேர்த்தெரு வேண்டும். விடியக்காலையில் வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை, ஒரு வீட்டு ஆட்களால் ஆகாது. எதிர் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டம்மாவும் வந்து கை கொடுப்பார்கள், நாளைக்கு அவர்கள் பாவுக்கு நாம் போவோம். கோர்வைச் சேலை என்றால் கரை தள்ள இன்னொரு ஆள் பக்கத்தில் வேண்டும். ஒரே தொழில் செய்பவர்கள் ஒரே தெருவில் இருந்ததற்கு இதெல்லாம் நியாயமான காரணம்தான்.

ஆனால் தோழர்களே, அந்த நியாயம் 'ஒரே தொழில்' என்பதோடு முடிந்துவிட்டது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் இன்று பல சாதிக்காரர்களும் தறியில் உட்காருகிறார்கள். டவுனில் தறி போட்டிருந்த வீடுகளில் பாதி வீட்டில் தறி இல்லை. பிள்ளைகள் சென்னை, ஓசூர், பெங்களூருன்னு போயாச்சு. தறிக்குழியை மூடி டைல்ஸ் போட்டு, மேலே ஒரு மாடி எடுத்து வாடகைக்கு விடுகிறோம். தொழில் போன பிறகும் தெருவின் சாதி மட்டும் போகவில்லை.

தம்பிக்காகப் புதுக்காமூர், கொசப்பாளையம், சைதாப்பேட்டை, அருணகிரிசத்திரம் என்று சுற்றினேன். ஒன்பது வீடு பார்த்தோம். ஒருத்தர் கூட நேரடியாகச் சாதி கேட்கவில்லை. நம்ம ஜனங்க நாகரிகமானவங்க! "சொந்த ஊரு எது? அங்க எந்தப் பக்கம்?" என்று ஒருத்தர். "குலதெய்வம் எதுங்க?" என்று ஒருத்தர். "அப்பா பேரைச் சொல்லுங்க, நமக்குத் தெரிஞ்சவங்களா இருக்கப் போறாங்க" என்று இன்னொருத்தர். ஒரு வீட்டில் "கறி, மீன் சமைப்பீங்களா?" என்று கேட்டார்கள். கேட்டவர் வீட்டு வாசலில் அன்றைக்குக் காலையில் சீவிய மீன் செதில் கிடந்தது. கேள்வி முடிந்ததும் பதில் ஒரே மாதிரிதான்: "பையன் வர்றேன்னு சொல்லியிருக்கான், யோசிச்சுச் சொல்றோம்."

கூட வந்த இஸ்லாமியத் தோழர் சிரித்தார். "எனக்கு இந்தக் கேள்வியே வராதுங்க. பேரைச் சொன்னதுமே பையன் வந்துருவான்."

இப்போ ஒன்றைச் சொல்ல வேண்டும். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் ஒன்பது வீடு ஏறி இறங்கிய அந்த நாட்களில், எங்க வீட்டு மாடியும் ரெண்டு மாசமாகக் காலியாகத்தான் இருந்தது.

ஏன் அதைக் காட்டவில்லை? வாடகை ஒத்து வராது, மாடிப்படி செங்குத்து, பிள்ளைகளுக்கு ஆகாது என்று எனக்கு நானே ஆயிரம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் அம்மா. நாற்பது வருஷம் தறியில் இருந்தவர். அவருக்குப் பின்னால் தெரு, தெருவுக்குப் பின்னால் சொந்தக்காரர்கள். கூட்டத்தில் மைக் பிடித்து அம்பேத்கர் பரோடாவில் பட்ட பாட்டைப் பேசியிருக்கிறேன். 1917-இல் வெளிநாட்டில் படித்துவிட்டுப் பெரிய வேலைக்குப் போனவர், அடையாளத்தை மறைத்து ஒரு பார்சி விடுதியில் தங்கினார். பதினோராவது நாள் கம்போடு வந்து வெளியேற்றினார்கள். போக இடமில்லாமல் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, ரயில் ஏறி பம்பாய் திரும்பினார். இதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்து கைதட்டு வாங்கியவன் நான். வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுக்கத்தான் கை வரவில்லை.

இது என் ஒருத்தன் கதைன்னு எனக்குத் தோணல. அதனால்தான் எழுதுகிறேன்.

ஊர் மாறும்போது கலந்த தெருவைத் தேர்ந்தெடுங்கள் என்று பேசுவது நல்ல பேச்சுதான். மாற்றலாகிப் போகும் தோழர்கள் "நம்ம ஆளுங்க எங்க இருக்காங்க" என்று விசாரிப்பதை விட்டுவிட்டு, பல வகை ஜனங்களும் இருக்கிற தெருவாகப் பாருங்கள் என்று நானும் சொல்வேன். பக்கத்து வீட்டில் ரம்ஜானும் எதிர் வீட்டில் கிறிஸ்துமஸும் பார்த்து வளரும் பிள்ளைக்கு, வாட்ஸ்அப்பில் வரும் பொய்யை நம்புவது கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். ஆனால் அந்தத் தேர்வு யாருக்கு இருக்கிறது? மாடி வைத்திருப்பவனுக்கும், எந்தத் தெருவிலும் வீடு கிடைக்கிறவனுக்கும்தான் இருக்கிறது. தம்பி மாதிரி ஆட்கள் தன் ஆட்கள் தெருவைத் தேடுவது பாதுகாப்புக்காக. அதே தெருவை நாம் தேடுவது வேறு காரணத்துக்காக. ரெண்டையும் ஒரே தராசில் வைக்காதீங்க.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். கொஞ்சம் இருக்கிறது. தீண்டாமைக்கு எதிரான 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையைக் காரணம் காட்டி ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தடுப்பது குற்றம் என்கிறது. ஆனால் "பையன் வர்றான்" என்ற பதிலை எந்தக் காவல் நிலையத்தில் நிரூபிப்பது? வீட்டு உரிமையாளர் – வாடகைதாரர் உறவுக்காகத் தமிழ்நாட்டில் 2017-இல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தத்தை எழுத்தில் போடு, பதிவு செய் என்றெல்லாம் சொல்கிற அந்தச் சட்டம், சாதியோ மதமோ பார்த்து வீடு மறுப்பதைப் பற்றிப் பேசவில்லை. 2005-இல் உச்ச நீதிமன்றமே, ஒரு வீட்டு வசதிச் சங்கம் தன் உறுப்பினர்களைப் பார்சிகளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டது.

அரசு தலையிட்டால் தெரு கலக்குமா? கலந்து பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரியார் நினைவு சமத்துவபுரம் 1997-இல் அறிவிக்கப்பட்டது. முதலாவது, மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998-இல் திறக்கப்பட்டது. ஒரு சமத்துவபுரத்தில் 100 வீடு: பட்டியல் சாதியினருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. சுடுகாடும் எல்லோருக்கும் ஒன்றே. சுடுகாட்டுப் பாதைக்காக வெட்டுக்குத்து நடக்கும் நாட்டில் அது சாதாரண விஷயம் இல்லை. குறையும் உண்டு. பல சமத்துவபுரங்கள் ஊரை விட்டுத் தள்ளிக் கட்டப்பட்டன. ஊருக்குள் தெரு அப்படியே இருக்க, கலப்பு மட்டும் ஊருக்கு வெளியே குடிபோனது.

அதே அரசு இயந்திரம் நேர் எதிரானதையும் செய்தது. சென்னையின் நடுவில் இருந்த குடிசைப் பகுதி மக்களை மொத்தமாகக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் இறக்கியது. அந்த முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்று அங்கிருக்கும் பிள்ளைகள் எத்தனை தடவை சொல்லியாகிவிட்டது! 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. நல்லது. புதுசா ஒரு காலனியைக் கட்டாமலும் இருக்கணும்.

சிங்கப்பூரில் நம்ம வீட்டுப் பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். அங்கே பெரும்பாலான மக்கள் அரசு கட்டிய அடுக்குமாடிகளில்தான் குடியிருக்கிறார்கள். 1989 முதல், ஒவ்வொரு கட்டடத்திலும் வட்டாரத்திலும் ஒரு இனத்தவர் இவ்வளவு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி. அதை அறிவித்த அமைச்சர் தனபாலன், ஒரு தமிழர். அந்த விதியிலும் வலி உண்டு. பெரும்பான்மை இனத்தாரின் ஒதுக்கீடு நிரம்பிய கட்டடத்தில் சிறுபான்மை இனத்தவர் வீட்டை விற்கப் போனால் பெரும்பான்மை இனத்தாருக்கு விற்க முடியாது. ஆள் கிடைப்பது குறைவு, விலையும் இறங்கும். அதை அப்படியே இங்கே கொண்டு வா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் யார் பக்கத்தில் யார் குடியிருப்பது என்பது தனியார் விருப்பம் மட்டும் இல்லை, அரசின் வேலையும்தான் என்று ஒரு நாடு முடிவெடுத்து முப்பது வருஷத்துக்கு மேல் நடத்திக் காட்டியிருக்கிறது.

நமக்கு முதலில் வேண்டியது ரொம்பச் சின்னது. 2017 சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்க வேண்டும்: சாதி, மதம், உணவு, மொழி காரணமாக வாடகை வீடு மறுக்கக் கூடாது. புகார் கொடுக்க மாவட்டத்தில் ஒரு அதிகாரி வேண்டும். ஆரணி மாதிரி ஊர்களில் நெசவாளர் குடியிருப்பு கட்டும்போது, தறியில் உட்காரும் எல்லாச் சாதிக்காரர்களுக்கும் கலந்து ஒதுக்க வேண்டும். அதுவும் ஊருக்கு வெளியே இல்லாமல், பாவு நீட்டுகிற தெருவுக்குப் பக்கத்திலேயே.

தம்பி கதை என்னாச்சு என்று கேட்பீர்கள். பத்தாவது வீடாக எங்க மாடியைக் காட்டினேன். முந்தின ராத்திரி அம்மாவிடம் சொன்னபோது, "ஏம்பா, அவுங்க இன்னா ஆளுங்கன்னு கேட்டியா?" என்றார். "கேட்கல, அவங்களே சொன்னாங்க" என்று விஷயத்தைச் சொன்னேன். மூணு நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், "அட்வான்ஸ் எவ்ளோ சொன்ன?" என்று கேட்டார். தெருவில் ரெண்டு பேர் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு சித்தப்பா போனில் கத்தினார். அம்மா இன்னும் மாடி ஏறவில்லை, முட்டிவலி என்கிறார். முட்டிவலி உண்மைதான், ஆனா அதுக்கு முன்னாடி மாசம் மாசம் ஏறிட்டுத்தான் இருந்தார். மாடிப் பிள்ளைகள் கீழே வருகின்றன. இப்போதைக்கு அம்மாவின் பெரிய புகார் மோட்டாரை அணைக்க மறந்துவிடுகிறார்கள் என்பதுதான்.

ஆரணி டவுனில் இன்னும் மூன்று குடும்பங்கள் பள்ளி திறப்பதற்கு முன் வீடு தேடிக்கொண்டிருக்கின்றன. இதைப் படிக்கும் தோழர்கள் யார் வீட்டிலாவது மாடியோ பக்கத்து போர்ஷனோ காலியாக இருந்தால் நகரக் கிளைத் தோழர்களிடம் சொல்லுங்கள். வாடகை, அட்வான்ஸ், தண்ணி, கரண்ட் பற்றிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் வரும்.