நடைவண்டி சொல்லித்தரும் ரோபோட்டிக்ஸ்

"நடக்க முடியாதவங்களுக்கு ஒரு எக்ஸோஸ்கெலிட்டன் பண்ணலாமா?" ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பேச்சு வந்தாலே உங்க டீமில் யாராவது இதைக் கேட்டிருப்பாங்க. தாராளமா பண்ணுங்க. ஆனால் மோட்டார் ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி: நடக்கப்போவது யார்? நோயாளியா, உங்க மெஷினா?

பக்கவாதத்தில் அடிபடுவது கால் அல்ல, காலை இயக்கும் மூளைப்பகுதி. மிச்சமுள்ள நரம்புகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள, நோயாளி தானே முயன்று திரும்பத் திரும்ப அடியெடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் குனிந்து காலை நகர்த்தினால் பிசியோதெரபிஸ்ட்டின் இடுப்பு என்னாவது? அங்கேதான் ரோபோ வருகிறது. சுவிட்சர்லாந்தின் ஹோகோமா நிறுவனம் உருவாக்கிய லோகோமேட், உடல் எடையில் ஒரு பகுதியை ஹார்னஸில் தாங்கிக்கொண்டு, ட்ரெட்மில் மேல் கால்களை மோட்டாரால் அசைக்கும்.

சூப்பர்தானே? ஆனால் 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஓரளவு நடக்கத் தெரிந்த பக்கவாத நோயாளிகளில், லோகோமேட்டில் பயின்றவர்களைவிட வழக்கமான பயிற்சி பெற்றவர்களே நடைவேகத்தில் அதிகம் முன்னேறினார்கள். யோசிச்சுப் பாருங்க. மெஷினே காலைத் தூக்கிக் கொடுத்தால் தசை லீவு போட்டுவிடும். இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டால், எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றும் பழக்கம் எப்படி வரும்? பேலன்ஸ் எப்படி வரும்?

அதுக்காக ரோபோவே வேஸ்ட் என்று முடிவு கட்டாதீங்க. 62 ஆய்வுகளைத் தொகுத்த 2020 காக்ரேன் அறிக்கையின்படி, பிசியோதெரபியோடு சேர்த்துக் கொடுத்தால் துணையின்றி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது. முதல் மூன்று மாதங்களில் இருப்பவர்களுக்கும், நடக்கவே முடியாதவர்களுக்கும் பலன் அதிகம்.

ஆக, சிக்கல் ரோபோவில் இல்லை, கன்ட்ரோலில் இருக்கிறது. கால் போகவேண்டிய பாதையைச் சுற்றி ஒரு சுரங்கம் இருப்பதாக நினைச்சுக்கோங்க. கால் அதற்குள் இருக்கும்வரை மோட்டார் சும்மா இருக்கணும். வெளியே விலகினால் மட்டும், விலகிய அளவுக்கு உள்ளே தள்ளணும். நோயாளி தேறத் தேற உதவி குறையணும்.

நம்ம ஊர் நடைவண்டி இதைத்தான் செய்கிறது. பிடிமானம் தரும், ஆனால் குழந்தைக்காக ஒரு அடிகூட எடுத்து வைக்காது.

அதனால், டிசைன் வரைவதற்கு முன் ஒரு பிசியோதெரபிஸ்ட்டோடு அரை நாள் உட்காருங்க. டார்க் எவ்வளவு என்பதோடு, நோயாளியின் தசை எவ்வளவு உழைக்கிறது என்பதையும் அளந்து பாருங்க. டெமோ அன்று மெஷின் அழகாக நடந்தால் கைதட்டல் கிடைக்கும். அதைக் கழற்றிய பிறகு அவர் எத்தனை அடி நடக்கிறார் என்பதுதான் உங்க உண்மையான மார்க்.