டீச்சர் வேணும்... டீச்சரோட குழந்தைக்கு இடமில்லையா? தென்கொரியாவில் வெளிநாட்டு ஆசிரியர்கள் குடும்பம் நடத்துவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

உலகிலேயே குழந்தை பிறப்பு விகிதம் மிகக் குறைவாக இருக்கும் நாடுகளில் ஒன்று தென்கொரியா. 2023-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை. 2024-ல் அது 0.75 ஆனது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் ஏற்றம் என்பதால் இந்தச் சின்ன வித்தியாசமே அங்கே தலைப்புச் செய்தி. "குழந்தை பெத்துக்கோங்க, மாசாமாசம் பணம் தர்றோம், லீவு தர்றோம்" என்று அரசாங்கமே கெஞ்சாத குறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அதே நாட்டில் வரி கட்டி, இன்சூரன்ஸ் கட்டி, கொரியக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஒரு வெளிநாட்டுத் தம்பதிக்குக் குழந்தை பிறந்தால் இதெல்லாம் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. ஏன் என்று பார்ப்போம்.

யார் இந்த ஆசிரியர்கள்?

தென்கொரியாவில் ஆங்கிலம் ஒரு பாடம் மட்டும் கிடையாது, அது ஒரு பெரிய சந்தை. 2024-ல் பள்ளி மாணவர்களின் டியூஷனுக்காக அந்த நாட்டுப் பெற்றோர் செலவழித்த தொகை 29.2 லட்சம் கோடி வோன். பத்தில் எட்டு மாணவர்கள் ஏதாவது ஒரு டியூஷனுக்குப் போகிறார்கள். இந்த டியூஷன் சென்டர்களுக்கு அங்கே 'ஹாக்வோன்' என்று பெயர்.

ஹாக்வோன்களிலும் அரசுப் பள்ளிகளிலும் பேச்சு ஆங்கிலம் கற்றுத்தர வரும் வெளிநாட்டவருக்குக் கொடுப்பதுதான் 'ஈ-2' விசா. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்கள்தான் பொதுவாக இதற்கு விண்ணப்பிக்க முடியும். அரசுப் பள்ளிகளுக்கு ஆள் எடுக்க 1995-ல் தொடங்கிய 'எபிக்' என்ற திட்டமும் இருக்கிறது.

இதில் நம்ம ஊருக்கும் ஒரு கதவு உண்டு. 2010-ல் நடைமுறைக்கு வந்த இந்தியா - கொரியா பொருளாதார ஒப்பந்தத்தின்படி, பட்டமும் ஆங்கில ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர்கள் அரசுப் பள்ளிகளில் உதவி ஆசிரியராகச் சேரலாம். ஹாக்வோனுக்கு அந்தச் சலுகை இல்லை. வேலைச் சந்தையின் பெரும்பகுதி ஹாக்வோனில்தான் இருக்கிறது என்பதால், இந்தக் கதவு அரைகுறையாகத் திறந்த கதவுதான்.

ஒரே ஒரு ஆளுக்கு எழுதிய ஒப்பந்தம்

ஈ-2 ஆசிரியரின் வேலை ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். காலம் ஒரு வருஷம். தங்குவதற்கு ஒரு ரூம் வீடு, பெரும்பாலும் சமையல் மேடையும் கட்டிலும் ஒரே அறையில். வருஷம் முடித்தால் பணிக்கொடையாக ஒரு மாதச் சம்பளம். 22, 23 வயதில் காலேஜ் முடித்துவிட்டு ரெண்டு வருஷம் ஊர் சுற்றிப் பார்க்க வரும் தனி ஆளுக்கு இது அருமையான ஏற்பாடு. வாடகை மிச்சம், கையில் காசு நிற்கும்.

அந்த ஆளுக்கே 32 வயது ஆகி, கல்யாணமும் ஆகிவிட்டால்தான் சிக்கல். கணவன் மனைவி இரண்டு பேருமே ஆசிரியர்கள் என்றால் நிர்வாகத்துக்கும் சந்தோஷம், ஒரு வீட்டுக்கு இரண்டு ஆள் கிடைத்த கணக்கு. ஆனால் குழந்தை வந்ததும் அந்த ஒரு ரூம் போதாது. வெளியே வீடு பார்க்கலாம் என்றால் அட்வான்ஸ் பூதம். சென்னையில் பத்து மாச அட்வான்ஸுக்கே நாம் புலம்புகிறோம். கொரியாவில் மாத வாடகை வீட்டுக்கே பெரிய தொகையை முன்பணமாகக் கட்டணும். மாத வாடகையே இல்லாமல் வீட்டு விலையில் பெரும்பகுதியை டெபாசிட்டாக வாங்கிக்கொள்ளும் முறையும் அங்கே உண்டு, நம்ம ஊர் ஒத்தி மாதிரி. வெளிநாட்டிலிருந்து சூட்கேஸோடு வந்த ஆசிரியரிடம் அந்தப் பணம் எங்கே இருக்கும்?

சம்பளம் நகரவே இல்லை

'கொரியாவில் டீச்சர் வேலை, லட்சத்தில் சம்பளம்' என்று யூடியூபில் வரும் வீடியோக்கள் பாதியைத்தான் சொல்கின்றன. புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு மாதம் 20 லட்சம் வோனுக்குச் சற்று மேல் கிடைக்கும். ரூபாயில் ஒண்ணேகால் லட்சம் வரும், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் 2025-ல் தென்கொரியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10,030 வோன். மாதக் கணக்கில் அது 20,96,270 வோன். அதாவது பட்டம் படித்து, குற்றப் பின்னணி இல்லை என்று சான்றிதழ் வாங்கி, கடல் கடந்து வரும் ஆசிரியரின் தொடக்கச் சம்பளமும், ஒரு கடையில் பில் போடுபவரின் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 2010-ல் குறைந்தபட்சக் கூலி 4,110 வோனாக இருந்தது. அது இரண்டரை மடங்கு ஆகிவிட்டது. ஆசிரியரின் தொடக்கச் சம்பளமோ அன்றைக்கும் 20 லட்சத்தை ஒட்டியே இருந்தது, இன்றைக்கும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு கணக்கு. சின்னக் குழந்தைகளுக்கான ஆங்கில மழலையர் வகுப்புகளுக்குச் சராசரியாக மாதம் 15 லட்சம் வோன் வரை ஆகிறது. அங்கே பாடம் நடத்தும் ஆசிரியர் தன் குழந்தையை அதே வகுப்பில் முழுக் கட்டணம் கட்டிச் சேர்த்தால், சம்பளத்தில் முக்கால்வாசி அங்கேயே போய்விடும்.

கர்ப்பம் என்றால் என்ன ஆகும்?

சட்டம் இந்த விஷயத்தில் நல்லாவே இருக்கிறது. தொழிலாளர் சட்டப்படி குடியுரிமையைக் காரணம் காட்டி யாரையும் பாகுபடுத்தக் கூடாது. 90 நாள் பிரசவ விடுப்பு வெளிநாட்டவருக்கும் பொருந்தும். விடுப்பில் இருக்கும்போதும், அது முடிந்து 30 நாள் வரையிலும் வேலையைவிட்டுத் தூக்க முடியாது. அப்பாக்களுக்கான விடுப்புகூட 2025 பிப்ரவரியிலிருந்து 20 நாள்.

ஓட்டை ஒப்பந்தத்தில் இருக்கிறது. வேலையைவிட்டுத் தூக்குவது வேறு, வருஷம் முடிந்ததும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவது வேறு. ஏழாவது மாதத்தில் ஒப்பந்தம் முடிந்தால், 'இந்த வருஷம் வேண்டாம்' என்று சொல்லிவிட்டு நிர்வாகம் எளிதாக ஒதுங்கிக்கொள்ளலாம். வேலையோடு விசாவும் கட்டப்பட்டிருப்பதால் வீடு, வேலை, தங்கும் உரிமை மூன்றும் ஒரே நேரத்தில் ஆட்டம் காணும். பாதியில் வேறு இடத்துக்கு மாறவும் பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் வேண்டும்.

அடுத்தது குழந்தை பராமரிப்பு விடுப்பு. 2025 முதல், இந்த விடுப்பின் முதல் மூன்று மாதங்களுக்கு மாதம் 25 லட்சம் வோன் வரை அரசு உதவித்தொகை கிடைக்கிறது. இந்தப் பணம் வேலைவாய்ப்புக் காப்பீட்டிலிருந்து வருகிறது. கொரியத் தொழிலாளர்களுக்கு அந்தக் காப்பீடு கட்டாயம். ஈ-2 விசாக்காரர்களுக்கு, விருப்பப்பட்டுக் கேட்டால்தான். வேலையில் சேரும் அன்று 23 வயதில் யார் இதைக் கேட்டுச் சேரப்போகிறார்கள்?

சில ஹாக்வோன்கள் செய்யும் வேலை இன்னும் மோசம். ஆசிரியரை ஊழியராகக் காட்டாமல் 'ஃப்ரீலான்ஸர்' என்று எழுதி 3.3 சதவீத வரியை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். சம்பளம் கொஞ்சம் கூட வந்த மாதிரி தெரியும். மருத்துவக் காப்பீடு, பென்ஷன், பணிக்கொடை எதற்கும் நிர்வாகம் பொறுப்பில்லை என்பது பிறகுதான் தெரியவரும். தொழிலாளர் துறையில் புகார் கொடுத்து மீட்க முடியும். ஆனால் கைக்குழந்தையோடு யார் அலைவது?

பிறந்த குழந்தை யார் கணக்கில்?

தென்கொரியாவில் பிறந்தால் மட்டும் கொரியக் குடிமகன் ஆகிவிட முடியாது. பெற்றோரில் ஒருவராவது கொரியராக இருக்கணும். இரண்டு பேரும் வெளிநாட்டவர் என்றால், தங்கள் நாட்டுத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, பாஸ்போர்ட் வாங்கி, 90 நாளுக்குள் குழந்தைக்குத் தங்கும் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கணும். பிறக்கும் குழந்தைகளை மருத்துவமனையே அரசுக்குத் தெரிவிக்கும் முறை 2024 ஜூலையில் வந்தது. அதிலும் வெளிநாட்டுக் குழந்தைகள் சேரவில்லை.

இதன் விளைவு பணத்தில் தெரியும். கொரியக் குழந்தை பிறந்ததும் 20 லட்சம் வோன் வவுச்சர், முதல் வருஷம் மாதம் 10 லட்சம், இரண்டாவது வருஷம் மாதம் 5 லட்சம், அதுபோக மாதம் 1 லட்சம் வோன் குழந்தை உதவித்தொகை. பக்கத்துக் கட்டிலில் பிறந்த வெளிநாட்டு ஆசிரியரின் குழந்தைக்கு இவை எதுவும் கிடையாது. காப்பகக் கட்டண மானியமும் மத்திய அரசிடமிருந்து இல்லை. சியோல், கியோங்கி மாகாணம் மாதிரி சில உள்ளாட்சிகள் தங்கள் கையிலிருந்து கொஞ்சம் தருகின்றன. எந்த ஊரில் வீடு என்பதைப் பொறுத்து அதிர்ஷ்டம்.

மருத்துவக் காப்பீடு மட்டும் விதிவிலக்கு. 2019 ஜூலையிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் எல்லா வெளிநாட்டவருக்கும் அது கட்டாயம். மனைவி, கணவன், குழந்தைகளையும் அதில் சேர்க்கலாம். தடுப்பூசி, காய்ச்சல் என்று வாராவாரம் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் பெற்றோருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

வேலையை விடும் துணைக்குக் கிடைப்பது 'எஃப்-3' என்ற சார்பு விசா. இதில் தனி அனுமதி இல்லாமல் வேலை பார்க்க முடியாது. கொரியப் பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சிக்காகவும் கற்பிக்கவும் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே கதைதான். எம்.எஸ்சி., பி.எச்டி. முடித்த மனைவி, கணவரின் விசாவில் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பது அங்கே சாதாரணக் காட்சி.

'பன்முகக் கலாச்சாரக் குடும்பம்' யார்?

வெளிநாட்டவர் உள்ள குடும்பங்களுக்காகத் தனிச் சட்டமே 2008-ல் கொண்டுவந்த நாடு தென்கொரியா. மொழி வகுப்பு, ஆலோசனை, குழந்தை வளர்ப்பு உதவி எல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தின் பார்வையில் 'பன்முகக் கலாச்சாரக் குடும்பம்' என்றால் குடும்பத்தில் ஒருவராவது கொரியக் குடியுரிமை பெற்றவராக இருக்கணும். கொரியரைக் கல்யாணம் செய்த வெளிநாட்டு ஆசிரியர் உள்ளே வருகிறார். இரண்டு வெளிநாட்டு ஆசிரியர்களின் குடும்பம் வெளியே நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், கல்வி அமைச்சகம் 'பன்முகக் கலாச்சார மாணவர்கள்' என்று கணக்கெடுக்கும்போது இந்தக் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்கிறது. 2024-ல் அந்த எண்ணிக்கை 1.9 லட்சத்தைத் தாண்டியது.

சந்தேகக் கண்

பணத்தைத் தாண்டியும் ஒரு விஷயம் இருக்கிறது. கொரியாவில் பாடம் நடத்திய ஒரு கனடாக்காரர், சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் 2007-ல் தாய்லாந்தில் கைதானார். அதற்குப் பிறகு ஈ-2 ஆசிரியர்கள் எல்லோருக்கும் போதைப்பொருள் சோதனையோடு எச்.ஐ.வி. சோதனையும் கட்டாயமானது. அந்தக் குற்றத்துக்கும் எச்.ஐ.வி.க்கும் என்ன சம்பந்தம்? கொரிய ஆசிரியர்களுக்கும், கொரிய வம்சாவளி வெளிநாட்டவருக்கும் இந்தச் சோதனை கிடையாது.

உல்சான் நகரில் வேலை பார்த்த நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் 2009-ல் இரண்டாவது முறை சோதனைக்கு மறுத்ததும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு வரை போனார். 2015-ல் அந்தக் குழு அவர் பக்கம் நின்றது. வெளிநாட்டு ஆசிரியர்களின் ஒழுக்கத்தைச் சோதிக்கும் வழியாகவே அதிகாரிகள் இதைப் பார்த்தார்கள் என்பதும் அப்போது பதிவானது. 2017-ல்தான் சோதனை கைவிடப்பட்டது. பத்து வருஷம்! தன் குழந்தையைச் சேர்க்கப்போகும் பள்ளியிலேயே இப்படியொரு சந்தேகப் பார்வையோடு வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பள்ளிக்கூட வயசு வந்தால்?

வெளிநாட்டுக் குழந்தைகளும் கொரிய அரசுப் பள்ளியில் சேரலாம், மதிய உணவும் உண்டு. பாடம் முழுக்கக் கொரிய மொழியில். சர்வதேசப் பள்ளி வேண்டும் என்றால் பல இடங்களில் கட்டணம் வருஷத்துக்கு 2 கோடி வோனைத் தாண்டும், அது ஒரு ஆசிரியரின் மொத்த வருஷச் சம்பளத்தையே விழுங்கிவிடும். அதனால் பலரும் அரசுப் பள்ளியையே தேர்ந்தெடுக்கிறார்கள். குழந்தை சில மாதங்களில் சரளமாகக் கொரிய மொழி பேசிவிடும். பள்ளியிலிருந்து வரும் சுற்றறிக்கையைப் படிக்க முடியாமல் முழிப்பது அம்மா அப்பாதான்.

நேரம் இன்னொரு தலைவலி. ஒன்றாம் வகுப்புக் குழந்தை மதியமே வீட்டுக்கு வந்துவிடும். ஹாக்வோன் ஆசிரியரின் வேலை அந்த நேரத்தில்தான் தொடங்கும், முடிய ராத்திரி ஒன்பது, பத்து ஆகும். சியோலில் பத்து மணிக்கு மேல் ஹாக்வோன் நடத்தத் தடை இருப்பதால் அதோடு நிற்கிறது. ஊரான் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு வீடு வந்தால் சொந்தப் பிள்ளை தூங்கியிருக்கும். 2024-ல் தொடங்கிய பள்ளி நேரத்துக்குப் பிந்தைய பராமரிப்புத் திட்டம் இதில் கொஞ்சம் கைகொடுக்கிறது.

வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. வயது, படிப்பு, வருமானம், கொரிய மொழித் திறன் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு நீண்டகால விசா தரும் 'எஃப்-2' முறை உண்டு. அது கிடைத்தால் முதலாளியின் பிடி தளரும், பிறகு நிரந்தரக் குடியிருப்புக்கும் போகலாம். முழு நேரம் வேலை பார்த்துக்கொண்டு, குழந்தையையும் வளர்த்துக்கொண்டு, கொரிய மொழித் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுக்கணும். முப்பதுகளைத் தாண்டினால் வயதுக்கான மதிப்பெண் வேறு சரிய ஆரம்பிக்கும்.

இதில் தேறாத குடும்பங்களின் குழந்தைகள் எஃப்-3 விசாவிலேயே வளர்கிறார்கள். பூசானில் பிறந்து, பூசானிலேயே பள்ளிப் படிப்பை முடித்து, அம்மா அப்பாவைவிடக் கொரிய மொழியை நன்றாகப் பேசினாலும் அந்த விசா வயது வராத குழந்தைக்குத்தான். கொரியச் சட்டப்படி 19 வயது நிறைந்ததும், பிறந்த ஊரிலேயே தங்குவதற்கு அந்தப் பிள்ளை மாணவர் விசாவோ வேறு விசாவோ கேட்டுப் புதிதாக வரிசையில் நிற்கணும்.