கடி அசல், சொறி வட்டி

ராத்திரி இரண்டு மணி. கொசுவலையின் நான்கு மூலையையும் இழுத்துக் கட்டி, ஓரத்தையெல்லாம் மெத்தைக்கு அடியில் செருகி, கோட்டைக் கதவைச் சாத்திவிட்ட பாளையக்காரன் மாதிரி படுத்திருக்கிறேன். காதோரம் 'ங்ங்ஙொய்ய்ய்...'

வலைக்கு வெளியே இருக்கிற ஆயிரம் கொசுவைப் பற்றி எனக்குக் கவலையில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட அந்த ஒன்று இருக்கிறதே, அதுதான்! விளக்கைப் போட்டால் ஆளைக் காணோம். அணைத்தால் ஆஜர். மனைவி கண்ணைத் திறக்காமலே, "அதைப் பிடிக்கறேன்னு என் மூஞ்சில அறைஞ்சிடாதீங்க" என்கிறாள். ஏற்கெனவே ஒரு தடவை நடந்திருக்கிறது. அன்றைக்குக் கொசு தப்பித்துவிட்டது. நான் தப்பிக்கவில்லை.

பூச்சிக்கடி விஷயத்தில் எனக்கு சர்வீஸ் ஜாஸ்தி. பி.காம். முடித்துவிட்டு வேலை தேடி சென்னைக்கு வந்த புதிதில் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் ஒரு ரூமுக்கு மூன்று பேர். நாலாவது பார்ட்னர் மூட்டைப்பூச்சி. வாடகை தராத ஸ்லீப்பிங் பார்ட்னர் என்று சொல்லலாம் என்றால், அது தூங்கவே தூங்காது. விடிந்து பார்த்தால் கையில் தடிப்புகள், லெட்ஜரில் என்ட்ரி போட்ட மாதிரி வரிசையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கட்டிலை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் போட்டு அடிப்போம். அது மரச்சந்தில் நிழல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். போர்வை, தலையணை உறையையெல்லாம் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால்தான் சாகும் என்று பிற்பாடு தெரிந்தது. மேன்ஷனில் குளிக்கவே வெந்நீர் கிடையாது. ஒரே ஆறுதல், மூட்டைப்பூச்சி ரத்தம் குடிக்குமே தவிர, மனிதனுக்கு நோய் பரப்புவதாக நிரூபணம் ஆகவில்லை. அந்த வகையில் ஜென்டில்மேன்.

கொசு அப்படியில்லை.

கடிப்பது பெண் கொசு மட்டும்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். முட்டை வளர ரத்தத்தில் இருக்கிற புரதம் வேண்டும். ஆண் கொசு பூந்தேனைக் குடித்துவிட்டு சும்மா சுற்றும். இதை ஒரு ஜோக்காக வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "பிள்ளை குட்டிக்காக அலையறது அங்கேயும் பொம்பளைதானா?" என்று பதில் வந்தது. பேச்சை மாற்றிவிட்டேன்.

கொசு என்பது ஒற்றை ஊசி இல்லை ஸார். அதன் மூக்குக் குழாய்க்குள் ஆறு ஊசி இருக்கிறது. அறுப்பதற்கு, பிடித்துக்கொள்வதற்கு, உறிஞ்சுவதற்கு என்று தனித்தனி டிபார்ட்மென்ட். ஒன்றின் வழியாகத் தன் எச்சிலை நமக்குள் இறக்கும். ரத்தம் உறைந்து குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்க அந்த எச்சில். நம் உடம்பு, 'யாரோ அந்நியன் வந்துட்டான்' என்று ஹிஸ்டமைனை அவிழ்த்து விடுகிறது. அதுதான் தடிப்பு, அதுதான் அரிப்பு. ஆக, கொசு எடுத்துக்கொண்டு போன ரத்தத்துக்காக நமக்கு அரிக்கவில்லை. விட்டுவிட்டுப் போன எச்சிலுக்காக அரிக்கிறது.

அரித்தால் சொறிகிறோம். இங்கேதான் கணக்கு தப்பாகிறது.

சொறிந்தால் சுகமாக இருப்பதற்குக் காரணம், நகம் கொடுக்கிற சின்ன வலி. வலியைக் கவனிக்கிற மும்முரத்தில் மூளை அரிப்பை மறந்துவிடுகிறது. ஆனால் அந்த வலியைத் தணிக்க மூளை செரடோனின் என்றொரு சரக்கை அனுப்புகிறது. அது போய் அரிப்பு நரம்பையே மறுபடி உசுப்பி விடுகிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகக்காரர்கள் 2014-ல் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள். சொறியச் சொறிய அரிப்பது நம்முடைய பலவீனம் மட்டுமில்லை, உள்ளே ஏற்பாடே அப்படி.

இதெல்லாம் எனக்கு எப்போது தெரிந்தது என்றால், அப்பாவுக்குக் கால் வீங்கிய பிறகு.

2023-ல் ஐப்பசி மழை சமயம். ஊரில் வீடு ஒழுகுகிறது, ஓடு மாற்றுகிற வரைக்கும் பேத்தியோடு இருக்கிறேன் என்று அப்பா திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு. பன்னிரண்டு வருஷ அக்கவுன்ட். சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து அடையாறு நடக்கிற தூரம். மழை விட்டால் கொசுவுக்குக் குறைச்சல் கிடையாது.

அப்பாவுக்குக் கணுக்காலுக்கு மேலே கடித்திருக்கிறது. குனிந்து சொறிய இடுப்பு ஒத்துழைக்காது. விசிறிக் காம்பால் சொறிந்துகொள்வார். 'சரக்... சரக்...' என்று ஒரு தாளம். கண் பாதி மூடியிருக்கும். "சொர்க்கம்டா" என்பார். அந்தப் பனை விசிறியைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்ததே நான்தான்.

இரண்டு நாள் கழித்து, "டேய், கால் என்னமோ காந்தறது, கொஞ்சம் பாரேன்" என்றார். நான் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் சாக்ஸ்.

"கொசுக்கடிதானேப்பா. கொஞ்சம் சுண்ணாம்பு தடவுங்க."

பேன்ட்டை மடித்துப் பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். பார்க்கவில்லை. அவரும் சரி என்று சுண்ணாம்பு தடவிக்கொண்டார்.

மறுநாள் ராத்திரி குளிர் நடுக்கி ஜுரம். வேட்டியைத் தூக்கிப் பார்த்தால் கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் சிவந்து, பளபளவென்று வீங்கி, தொட்டால் தோசைக்கல் மாதிரி சுடுகிறது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். டாக்டர் பார்த்த உடனே, "செல்லுலைட்டிஸ். அட்மிட் பண்ணுங்க" என்றார்.

நம் தோலிலும் நகத்து இடுக்கிலும் சாதாரணமாகவே குடியிருக்கிற பாக்டீரியாக்கள், தோல் கிழிந்த இடம் கிடைத்தால் உள்ளே இறங்கிவிடும். சர்க்கரைக்காரர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். டாக்டர் ஒரு பேனாவை எடுத்து, சிவப்பு எதுவரைக்கும் போயிருக்கிறதோ அந்த ஓரத்தை ஒட்டி அப்பாவின் காலில் கோடு போட்டார்.

"இந்தக் கோட்டைத் தாண்டுதான்னு பார்த்துக்கிட்டே இருங்க."

"தாண்டினா ஸார்?"

அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த பேஷன்ட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த ராத்திரி பூரா நான் ஒரு பால்பாயின்ட் பேனாக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் சிவப்பு கோட்டை அரை விரல்கடை தாண்டியிருந்தது. மருந்தை மாற்றினார்கள். மூன்றாம் நாள் நின்றது. நாலாம் நாள் கோட்டுக்கு உள்ளே பின்வாங்கியது. ஆறாம் நாள் டிஸ்சார்ஜ். பில்லைக் கையில் வாங்கியபோதுதான் காலேஜில் படித்த படிப்பு முதல்முறையாகப் பிரயோஜனப்பட்டது. கொசு கடித்தது அசல். சொறிந்தது வட்டி. புண்ணானது கூட்டு வட்டி. ஆஸ்பத்திரி, ஜப்தி. அசல் என்னவோ சில மில்லிகிராம் ரத்தம்தான்!

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் சில சட்டதிட்டங்கள் வந்திருக்கின்றன. பிரித்தே சொல்லிவிடுகிறேன்.

கடித்துவிட்டதா? முதலில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிஷம் வைத்தால் வீக்கமும் அரிப்பும் அடங்கும். மருந்துக் கடையில் ரோஸ் கலரில் கேலமைன் லோஷன் விற்கிறது, அதைத் தடவலாம். அது இல்லையா, சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிஷம் பூசிக் கழுவலாம். உடம்பெல்லாம் தடித்தால் அலர்ஜி மாத்திரை உண்டு. டாக்டரைக் கேட்டுக்கொண்டு போடுவது உத்தமம். சிலது தூக்கத்தைக் கொண்டுவரும், பைக் ஓட்டக் கூடாது. எதுவுமே கையில் இல்லையா? சொறியாதீர்கள், அந்த இடத்தில் உள்ளங்கையை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். தட்டலாம். நகம் மட்டும் படக் கூடாது.

நம் ஊர் கைவைத்தியங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடித்த இடத்தில் நகத்தால் பெருக்கல் குறி போடுவது நாடு முழுக்க நடக்கிற கணக்கு. அதுவும் வலியைக் கொடுத்து அரிப்பை மறைக்கிற அதே வித்தைதான். தோல் கிழிந்தால் வாசல் திறந்தாயிற்று. எச்சில் தடவாதீர்கள், வாயிலும் கிருமி உண்டு. சுண்ணாம்பு தோலைப் பொத்துவிடும், அதுவும் ஏற்கெனவே சொறிந்த இடம் என்றால் கேட்கவே வேண்டாம். இதை நான் என் அப்பா கணக்கில் படித்தேன்.

சிவப்பு பரவுகிறது, சுடுகிறது, சீழ் வைக்கிறது, ஜுரம் வருகிறது... இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டர். கடித்தவுடன் உதடோ முகமோ வீங்கினாலும், மூச்சு விடக் கஷ்டப்பட்டாலும் அந்த நிமிஷமே.

கடிக்காமல் இருக்க என்ன வழி? ஓடுகிற ஃபேன் நல்ல காவல்காரன். கொசு பறப்பதில் வீராதி வீரனெல்லாம் இல்லை, காற்றடித்தால் தள்ளாடும். நாம் விடுகிற மூச்சிலிருக்கும் கரியமில வாயுவை மோப்பம் பிடித்துத்தான் நம்மைத் தேடி வருகிறது. காற்று அந்த மோப்பத்தையும் கலைத்துவிடும். வலை எப்போதுமே உத்தமம், உள்ளே ஒன்று மாட்டாத வரைக்கும். மேலே தடவும் க்ரீம் வாங்கினால் டப்பாவில் டீட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அமெரிக்க ராணுவம் 1946-லிருந்து உபயோகப்படுத்துகிற மருந்து. புண் மேலேயும் கண் பக்கத்திலும் தடவக் கூடாது. சுருளைக் கொளுத்தி வைத்துவிட்டுக் கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஒரு சுருள் முழுசாக எரிந்தால் வருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. சிகரெட்டே தொடாத என் நண்பன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப நான் இத்தனை வருஷமா செயின் ஸ்மோக்கரா?" என்று உட்கார்ந்துவிட்டான்.

ஆபீஸ் போகிறவர்களுக்கு இன்னொன்று. டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு, ஒன்பது டு அஞ்சு பார்ட்டி. அதாவது பகலில் கடிக்கும். விடிந்த பிறகும் பொழுது சாய்வதற்கு முன்னாலும் மும்முரம் அதிகம். மேஜைக்கு அடியில் இருட்டில் காலை நீட்டிக்கொண்டு நாம் கணக்கு பார்க்கையில், அது நம்மிடம் கணக்கு பார்க்கும். சாக்ஸை கழற்றிப் போட்டுவிட்டு உட்காராதீர்கள். இந்தக் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை, நல்ல தண்ணீரில் பிறக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளை. மூடாத தொட்டி, பூந்தொட்டித் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், ஃப்ரிட்ஜின் பின்பக்கத்துத் தட்டு... முட்டை கொசுவாவதற்கு ஏழிலிருந்து பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை காய்ந்த பிறகும் மாசக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கொட்டினால் மட்டும் போதாது, ஓரத்தைத் தேய்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை அது என் டியூட்டி. அப்பா இங்கே இருக்கிற நாட்களில் அதே நேரத்துக்குப் பேத்தி நெயில் கட்டரோடு தாத்தா முன்னால் உட்கார்ந்துவிடுவாள். பத்து விரலையும் ஒட்ட வெட்டி இன்ஸ்பெக்ஷன் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அப்புறம் காலை நீட்டச் சொல்லி நான் பார்ப்பேன். தினம் பார்ப்பேன். அரை நிமிஷம்தான் ஆகிறது.

இப்போது ஓடு மாற்றியாகிவிட்டது, அப்பா ஊரில் இருக்கிறார். போன வாரம் போன் பண்ணினார்.

"டேய், கால்ல ஒண்ணு கடிச்சிருக்குடா."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. "சொறிஞ்சீங்களா?"

"சேச்சே! சோப்பு போட்டு அலம்பினேன். கேலமைன் தடவிண்டேன். நீ சொன்ன மாதிரி உள்ளங்கையாலதான் அழுத்திண்டிருக்கேன்."

நிம்மதியாகப் பெருமூச்சு விட்டேன். அப்போது போனில் பின்னால் மெதுவாகக் கேட்டது... 'சரக்... சரக்...'

"அப்பா, அது என்ன சத்தம்?"

கொஞ்ச நேரம் மௌனம்.

"உங்கம்மா தேங்காய் துருவறாடா."