உள்ளே யார் வரட்டும்?

வெள்ளானூரில் என் தங்கை வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரசவப் பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். துவைத்து மடித்த பழைய பருத்திச் சேலை நான்கு, பிளாஸ்க், ஆதார் நகல், கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் எழுதிய அட்டை எல்லாம் உள்ளே போயாயிற்று. "இன்னும் என்னடி பாக்கி?" என்றாள் தங்கை. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த அவள் மகள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "லேபர் ரூமுக்குள்ள என்கூட யார் வரணும்னு யாருமே என்னைக் கேக்கலையே, பெரியம்மா."

கேட்கவேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தலைச்சன் பிரசவம், பெற்றவள்தானே வருவாள்!

"சரி, நீயே சொல்லு" என்றேன். "அண்ணி வரட்டும்" என்றாள். புருஷனின் அக்காவைத்தான் சொன்னாள். "அம்மா என்னைப் பாத்து அழுதுடும். அது அழுதா எனக்குத் தெம்பு போயிடும்."

தங்கை ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குள் போனாள். கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவும் சத்தம் கேட்டது.

எனக்கு என் பிரசவம் நினைவுக்கு வந்தது. அன்று ஆஸ்பத்திரியில் கதவைச் சாத்திவிட்டார்கள். அம்மா வெளியே படியில் உட்கார்ந்திருந்தாள். விடிய விடிய என்னிடம் யாராவது பேசினார்கள் என்றால், "கத்தாதே" என்பதுதான் அது. வலி மறந்துவிட்டது. அந்தத் தனிமை மறக்கவில்லை.

இன்று அப்படிக் கிடக்க வேண்டியதில்லை. பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணை இருக்கலாம் என்ற திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் 2004-லேயே கொண்டுவந்துவிட்டன. 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகமும் இதை நாடு முழுக்க வலியுறுத்தியது. துணைக்கு வருபவர் உறவுக்காரப் பெண்ணாக, முடிந்தால் பிள்ளை பெற்றவராக, தொற்றுநோய் இல்லாதவராக இருக்கவேண்டும். மருத்துவர், செவிலியர் வேலையில் குறுக்கிடக் கூடாது. மறைப்பு வசதி உள்ள இடங்களில் கணவரும் வரலாம். தாய் தேர்ந்தெடுக்கும் ஒருவர் பிரசவம் முழுக்க உடனிருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018-இல் பரிந்துரைத்தது. "தாய் தேர்ந்தெடுக்கும்" என்ற சொல்லைத்தான் நம் வீடுகள் கவனிப்பதில்லை. அம்மாவா, மாமியாரா என்று முறை பார்த்து நாமே முடிவு செய்துவிடுகிறோம்.

துணை என்பது வெறும் ஆறுதல் இல்லை. பயத்தில் அட்ரினலின் ஏறினால், கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் தடைப்படலாம். வலி இருக்கும், பிரசவம் நகராது. 2017-இல் வந்த கோக்ரேன் தொகுப்பாய்வு, 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இடைவிடாமல் ஒருவர் கூட இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடியிருந்தது, சிசேரியன் குறைந்திருந்தது, வலி நேரமும் சராசரியாக 40 நிமிடம் போலக் குறைந்திருந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி நூற்றுக்குச் சுமார் 45 பிரசவம் சிசேரியனாக நடக்கும் தமிழ்நாட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

தாய் தேடும் துணை எதுவென்று சொல்லும் திருச்சி மலைக்கோட்டைத் தலபுராணம் நமக்குத் தெரியும். ரத்னாவதி என்ற பெண்ணுக்கு இடுப்புவலி கண்டுவிட்டது. தாயோ காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நிற்கிறாள். சிவன் தாயாக வந்து பிரசவம் பார்த்துத் தாயுமானவர் ஆனார். வந்தவர் தன் உருவில் வரவில்லை, மருத்துவச்சி உருவிலும் வரவில்லை. அவள் யாருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ, அந்த உருவில் வந்தார்.

உறவில் அப்படி ஒருவர் வாய்க்காதவர்கள் சம்பளத்துக்கு ஆள் வைக்கிறார்கள். டூலா என்கிறார்கள். பணிப்பெண் என்று பொருள்படும் கிரேக்கச் சொல். அதைத் தாய்க்குத் துணை நிற்பவள் என்ற பொருளுக்குக் கொண்டுவந்தவர் மானுடவியலாளர் டேனா ரஃபேல். சென்னையிலும் பயிற்சி பெற்ற டூலாக்கள் இருக்கிறார்கள். அமர்த்தும் முன் நாலு விஷயம் கேளுங்கள். அவரை உள்ளே விடுவார்களா என்று முதலில் மருத்துவமனையில் கேளுங்கள். நடுராத்திரி வலி கண்டால் வருவாரா, அவரால் முடியாவிட்டால் யார் வருவார், சிசேரியன் என்று முடிவானால் அப்புறம் என்ன செய்வார் என்று அவரிடம் கேளுங்கள். எதிரில் உட்கார்ந்து பேசும்போது, பிள்ளைத்தாய்ச்சியைப் பேசவிட்டுக் கேட்கிறாரா, தானே பேசிக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

டூலா மருந்து கொடுப்பவர் இல்லை, உள்பரிசோதனை செய்பவரும் இல்லை. "டாக்டரே வேண்டாம், வீட்டிலேயே பெத்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். 2024 நவம்பரில், பூந்தமல்லிக்குப் பக்கத்துக் குன்றத்தூரில், வாட்ஸ்அப் குழுவை நம்பி வீட்டில் நடந்த பிரசவம் போலீஸ் புகார் வரை போனது. 2018-இல் திருப்பூரில், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பார்த்த பிரசவத்தில் ஓர் இளம்தாய் உயிரையே விட்டாள்.

எங்கள் பெண்ணுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்தது. ஆளில்லாத செங்குன்றம் சாலையில் ஆவடி நோக்கிப் போன காரில், அண்ணிக்காரி தன் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "முதுகைத் தேய்க்கும்போது குத்தும் பெரியம்மா" என்றாள். அவள் எப்படிப்பட்ட துணை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போனவள், ஒவ்வொரு வலிக்கும் இடுப்புக்கு மேலே உள்ளங்கையின் அடியால் அழுத்திப் பிடித்திருக்கிறாள். வலி இறங்கியதும் இரண்டு வாய் தண்ணீர். "இது போயிடுச்சு, அடுத்தது வரட்டும், பாத்துக்கலாம்." ஒன்பது மணி நேரமும் இதே வார்த்தைதான்.

எட்டாம் மாதமே உங்கள் வீட்டுப் பெண்ணைக் கேளுங்கள். யார் பெயரைச் சொன்னாலும் மனம் கோணாதீர்கள்.

குழந்தை பிறந்ததும் வெளியே வந்த அண்ணிக்காரி, வராந்தாவில் நின்ற என் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒவ்வொரு வலிக்கும் அம்மா, அம்மான்னு உங்களைத்தான் கூப்பிட்டா அத்தை. நீங்க உள்ள இல்லையே, நான்தான் 'ம்' கொட்டினேன்."