பணிமூப்புப் பட்டியல் சுவரில் ஏறட்டும்

சாத்தான்குளம் வட்டாரத்துக் காலனி ஒன்றைச் சேர்ந்த சகோதரி ஒருவர், கல்லூரி திறக்கும் ஜூன் மாதத்தில் நம்மைத் தேடி வந்தார். அப்பா வாழைத் தோட்டத்துக் கூலி, அம்மா நூறு நாள் வேலை. அந்தக் குடும்பத்தில் முதலில் முனைவர் பட்டம் வாங்கியவர் அவர்தான். தென்மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் கௌரவ விரிவுரையாளராகப் பாடம் நடத்தியிருக்கிறார். அந்த ஜூனில் "உங்களுக்குப் பாடவேளை இல்லை" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. அதே துறையில் அவருக்கு ஏழு ஆண்டு கழித்து வந்தவர் இன்றும் வேலையில் இருக்கிறார்.

அவர் நம்மிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "எனக்குப் பிறகு வந்தவர் உள்ளே இருக்கிறார். நான் ஏன் வெளியே?"

சாதிதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை, ஏனென்றால் அதை நிரூபிக்க நம்மிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. சாதி இல்லை என்று நிரூபிக்க அந்தக் கல்லூரியிடமும் காகிதம் இல்லை. காகிதமே இல்லாத இடத்தில் யாருடைய விருப்பம் நடக்கும், யாருடைய உறவும் சிபாரிசும் செல்லுபடியாகும் என்பதை நம் மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் 7,000-க்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். பல துறைகளில் நிரந்தரப் பேராசிரியர்களைவிட இவர்களே அதிகம். வகுப்பு எடுப்பது, விடைத்தாள் திருத்துவது, சேர்க்கைப் பணி, தேர்வறைக் கண்காணிப்பு என எல்லாம் இவர்கள் தலையில்தான். தொகுப்பூதியம் மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பதினோரு மாதம்தான். மே மாதத்துக்குக் கூலி கிடையாது. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 2,75,000 ரூபாய். பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில் இவர்களைப் போன்றவர்களுக்கு வகுப்பு ஒன்றுக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று வரையறுத்தது. அந்த உச்சவரம்பில் பாதிதான் இங்கே கைக்கு வருகிறது.

ஊதியத்தைப் பற்றிப் பலரும் பேசிவிட்டார்கள், அந்தப் போராட்டத்தில் நாமும் நிற்கிறோம். ஆனால் நம் மக்களைப் பொறுத்தவரை அதற்குச் சமமான இன்னொரு கோரிக்கை இருக்கிறது. அது பணிமூப்பு. யார் எந்தத் தேதியில் சேர்ந்தார், யார் எந்த இனச்சுழற்சி இடத்தில் வந்தார், பணியிடம் குறைந்தால் யார் வெளியேறுவார், மீண்டும் இடம் வந்தால் யாரை முதலில் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

இது புதிய கோரிக்கை அல்ல. 1908-இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணைநிற்க கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த மாவட்டம் இது. அப்படிப்பட்ட எத்தனையோ போராட்டங்களின் விளைவாகத்தான் தொழிலாளர் சட்டங்கள் வந்தன. தொழில் தகராறு சட்டத்தில் 1953-இல் சேர்க்கப்பட்ட 25-ஜி பிரிவு, ஆட்குறைப்பு செய்தால் பொதுவாகக் கடைசியில் வந்தவரே முதலில் போக வேண்டும், மாற்றிச் செய்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்றது. 25-எச் பிரிவு, மீண்டும் ஆள் எடுத்தால் அனுப்பப்பட்டவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது. ஆட்குறைப்புக்கு ஏழு நாள் முன்பே பணிமூப்புப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் மத்திய விதிகள் கூறின. ஆலைத் தொழிலாளிக்கு எழுபது ஆண்டுக்கு முன்பே கிடைத்த இந்தப் பாதுகாப்பு, முனைவர் பட்டம் வாங்கியவருக்கு இன்றும் இல்லை.

காரணம் இருக்கிறது. 1988-இல் சுந்தரம்பாள் என்ற ஆசிரியையின் வழக்கில் உச்ச நீதிமன்றம், கல்வி நிலையம் 'தொழில்' என்ற வரையறைக்குள் வந்தாலும் ஆசிரியர் 'தொழிலாளர்' ஆகமாட்டார் என்று தீர்ப்பளித்தது. கல்வி புனிதப் பணி என்ற பெருமையோடு, தொழிலாளியின் உரிமை கையைவிட்டுப் போனது. நிரந்தரப் பேராசிரியருக்கு அரசுப் பணி விதிகள் இருக்கின்றன. கௌரவ விரிவுரையாளருக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை. 'கௌரவம்' என்ற சொல் மட்டும் மிச்சம்.

அண்ணல் அம்பேத்கருக்கும் இந்த நிலை தெரியும். 1918 நவம்பரில் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் அவர் சேர்ந்தது தற்காலிகப் பேராசிரியராகத்தான். ஆசிரியர் அறையில் இருந்த பானையில் அவர் தண்ணீர் குடிப்பதற்கு உடன் பணியாற்றியவர்களே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1928-இல் அரசு சட்டக் கல்லூரியில் பகுதிநேரப் பேராசிரியராக இருந்தவர், 1935-இல் அதே கல்லூரிக்கு முதல்வரானார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தோடு வந்த அம்பேத்கருக்கே பானைத் தண்ணீர் மறுக்கப்பட்டது என்றால், ஒவ்வொரு ஜூனிலும் துறைத் தலைவரின் முகக்குறிப்பைப் பார்த்து நிற்கும் நம் தங்கையின் நிலை எப்படி இருக்கும்?

இடஒதுக்கீட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டில் பட்டியல் சாதியினருக்கு 18, அதற்குள் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. நிரந்தரப் பணியிடம் என்றால் இனச்சுழற்சிப் பதிவேடு உண்டு, பின்னடைவுப் பணியிடக் கணக்கு உண்டு, குறைந்தால் வழக்குப் போடலாம். 45 நாளுக்கு மேற்பட்ட தற்காலிக நியமனங்களிலும் இடஒதுக்கீடு உண்டு என்பது ஒன்றிய அரசின் நிலை. 2023-இல் உச்ச நீதிமன்றத்திலும் அது பதிவானது. ஆனால் சேரும்போது இனச்சுழற்சி பார்த்தால் மட்டும் போதாது. உள்ளே வந்தவரைக் காரணம் சொல்லாமல் அடுத்த ஆண்டு அனுப்பிவிட முடியும் என்றால், வாசலில் கொடுத்ததைப் பின்கட்டில் பிடுங்கிக்கொள்வதாகத்தான் முடியும். பணிமூப்பு இல்லாத இடஒதுக்கீடு ஓராண்டு இடஒதுக்கீடு மட்டுமே.

நிரந்தர நியமனம் நடந்தால் இந்தப் பேச்சே தேவையில்லை என்பார்கள். நடக்கட்டும், வரவேற்கிறோம். ஆனால் நடந்தது என்ன? 2013-இல் 1,093 உதவிப் பேராசிரியர்களுக்கு அறிவிக்கை வந்தது. அடுத்த அறிவிக்கை 2019-இல், 2,331 இடங்களுக்கு. மொத்தம் 34 மதிப்பெண்ணில் 15 மதிப்பெண் அனுபவத்துக்கு என்றார்கள், அது நிறைவேறவில்லை. முறையை எழுத்துத் தேர்வாக மாற்றி 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு அறிவித்தார்கள், தேர்வு தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் புதிய அறிவிக்கை வந்தபோது எண்ணிக்கை 2,708. ஒவ்வொரு முறையும் விதி மாறியது, காத்திருந்தவர்களின் வயது மட்டும் ஏறிக்கொண்டே போனது. தனியார் கல்லூரியில் நன்கொடை கொடுத்து இடம் பிடிக்க வழியில்லாத நம் பிள்ளைகளுக்கு அரசுக் கல்லூரியின் கௌரவப் பணிதான் ஒரே ஒதுங்கிடம். அங்கேயே தலை நரைத்துவிடுகிறது.

நீதிமன்றங்களின் போக்கும் மாறிவருகிறது. 2006-இல் உமாதேவி வழக்கில் அரசியல் சாசன அமர்வு, தற்காலிகப் பணியாளர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்றது. எந்தக் கோரிக்கையோடு போனாலும் அரசுகள் அந்தத் தீர்ப்பையே எடுத்துக் காட்டின. 2024 டிசம்பர் 20-ஆம் தேதி ஜக்கோ வழக்கில், உமாதேவி தீர்ப்பைக் காட்டி நீண்டகால ஊழியர்களின் நியாயத்தை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் யார் தெரியுமா? மத்திய நீர்வளக் குழும அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் பகுதிநேரமாகப் பெருக்கித் துடைத்த தூய்மைப் பணிப் பெண்களும், அவர்களோடு வேலை பார்த்த தோட்டப் பணியாளரும். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், குஜராத்தில் மாதம் 30,000 ரூபாய்க்கு வேலை பார்த்த ஒப்பந்த உதவிப் பேராசிரியர்களுக்கு, முறையாக நியமிக்கப்பட்டவரின் குறைந்தபட்ச ஊதிய விகிதத்தை வழங்க அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. துடைப்பம் பிடித்த கைகள் போட்ட பாதையில் பட்டதாரிகள் நடக்கத் தயங்கக் கூடாது.

சட்டம் இயற்றவும் முடியும். அரியானா சட்டமன்றம் 2024 நவம்பரில் தன் அரசுக் கல்லூரிகளின் விரிவாக்க விரிவுரையாளர்களுக்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கும் பணிப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றியது. குறிப்பிட்ட ஆண்டுகள் பணி முடித்தவர்கள் 58 வயது வரை தொடரலாம். கடல் கடந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கனடாவில் வான்கூவர் சமூகக் கல்லூரியின் ஆசிரியர் சங்கம் நிர்வாகத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் பகுதிநேரத்தவருக்கும் முழுநேரத்தவருக்கும் ஒரே ஊதிய அட்டவணை. பகுதிநேரப் பணியிலும் பணிமூப்பு சேர்ந்துகொண்டே வரும். பாதிநேரமோ அதற்கு மேலோ இரண்டு ஆண்டு வேலை பார்த்தவர் நிரந்தரமாகிறார். சங்கமாகக் கூடி எழுதி வாங்கியதால் அது நடந்தது.

இங்கே நம் வீட்டுக்குள்ளேயே ஒரு மனத்தாங்கல் இருக்கிறது, அதை மூடி மறைக்க வேண்டாம். நேற்று நெட் தேர்வில் வென்ற தலித் இளைஞர் கேட்கிறார்: "பத்து வருடமாக உள்ளே இருப்பவர்களையெல்லாம் நிரந்தரமாக்கிவிட்டால் எனக்கு எங்கே இடம்? அவர்கள் உள்ளே போனபோது இனச்சுழற்சி சரியாக இருந்ததா?" நியாயமான கேள்விதான். பணிமூப்பை மட்டும் பிடித்துக்கொண்டால், தொடக்கத்தில் நடந்த அநீதிக்கு நாமே முத்திரை குத்தியதாகிவிடும். இடஒதுக்கீட்டை மட்டும் பிடித்துக்கொண்டால், ஒன்பது ஆண்டு உழைத்த சகோதரி தெருவில் நிற்பார். அண்ணனும் தம்பியும் ஒரே இடத்துக்கு மோதிக்கொள்வதில் லாபம் காலியிடத்தை நிரப்பாதவர்களுக்குத்தான்.

ஆகவே இரண்டையும் ஒரே பதிவேட்டில் கேட்போம். முதலாவது, ஒவ்வொரு அரசுக் கல்லூரியிலும் துறைவாரியாக, சேர்ந்த தேதியோடும் இனச்சுழற்சி இடத்தோடும் கௌரவ விரிவுரையாளர்களின் பணிமூப்புப் பட்டியல் ஆண்டுதோறும் வெளியாக வேண்டும். இரண்டாவது, பணிச்சுமை குறைந்தால் கடைசியில் வந்தவரே வெளியேற வேண்டும், அதுவும் பட்டியல் சாதி, பழங்குடியினர் விகிதம் குறையாத வகையில். வெளியேற்றம் எழுத்தில், காரணத்தோடு இருக்க வேண்டும். அடுத்த காலியிடம் அவருக்கே முதலில் போக வேண்டும். மூன்றாவது, மே மாத இடைவெளியும் மகப்பேறு விடுப்பும் பணித் தொடர்ச்சியை முறிக்கக் கூடாது. நான்காவது, நிரந்தர நியமனம் ஆண்டுதோறும் நடக்க வேண்டும். அதில் அனுபவத்துக்கு நிலையான மதிப்பெண் வேண்டும், பின்னடைவுப் பணியிடங்களை முதலில் நிரப்ப வேண்டும். அப்போது மூத்தவருக்கும் வழி இருக்கும், இளையவருக்கும் வழி இருக்கும்.

சாத்தான்குளத்தில் அரசு மகளிர் கலை, அறிவியல் கல்லூரி இருக்கிறது. பேய்க்குளம், உடன்குடி, நாசரேத் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காலைப் பேருந்தில் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் பல வீடுகளில் கல்லூரிப் படிப்பைக் காப்பாற்றியிருக்கிறது. படிக்க வரும் பெண்ணுக்கு அரசு உறுதி கொடுக்கிறது. நாளை இதே பெண் படித்து முடித்து இதே வகுப்பில் பாடம் நடத்த வந்தால் அவருக்கு என்ன உறுதி?

கோரிக்கை வைப்பதற்கு முன் கணக்குத் தெரிய வேண்டும். தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் ஊர் அரசுக் கல்லூரியில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, காலி எத்தனை, கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர், சமூகவாரியாக எத்தனை, கடந்த மூன்று ஆண்டுகளில் யாரெல்லாம் எந்தக் காரணத்துக்காக நிறுத்தப்பட்டார்கள் என்று கேளுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கையும் தேதியும் போதும். அந்தச் சகோதரியின் கேள்வியை முதல் மனுவாக நாம் எழுதிவிட்டோம். அடுத்த ஜூனுக்குள் ஊருக்கு ஒரு மனுவாவது போகட்டும்.