ஆறுபடி வாற்கோதுமையும் பட்டணவாசலும்

வேதபகுதி: ரூத் 3:14 – 4:12



ரூத்தின் சரித்திரத்தில் போவாஸ் இரண்டு காரியங்களைச் செய்கிறார். முதலாவது, களத்தில் ஆறுபடி வாற்கோதுமையை அளந்து அவளிடம் கொடுத்தனுப்புகிறார். இரண்டாவது, அன்றைய தினமே பட்டணவாசலுக்குச் சென்று, மூப்பர் பத்துப்பேரை உட்காரவைத்து, அந்நிய தேசத்தாளாகிய அவளுக்கு ஊரில் உள்ள இடத்தைச் சாட்சிகளின் முன் உறுதிசெய்கிறார். முதலாவது ஈகை, இரண்டாவது நியாயம். யுத்தத்திற்குத் தப்பி நம்மிடம் வந்தவர்கள் விஷயத்தில் நாம் முதலாவதைச் செய்துவிட்டு, இரண்டாவதை மறந்துபோனோம் என்பதே இவ்வாரம் என் மனதை அழுத்தும் எண்ணம்.

2022 பிப்ரவரியில் உக்ரைனில் பெரும் யுத்தம் மூண்டது. இலட்சக்கணக்கான தாய்மார் பிள்ளைகளோடு எல்லையைக் கடந்தனர். மார்ச் 4 அன்று, அதாவது இரண்டு வாரத்திற்குள், ஐரோப்பிய ஒன்றியம் தன் தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. 2001-ல் இயற்றப்பட்டு அதுவரை பயன்படுத்தப்படாதிருந்த சட்டம் அது. வந்தவர்களுக்குத் தங்கவும், வேலை செய்யவும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும், மருத்துவம் பெறவும் உரிமை கிடைத்தது. நாற்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதன் நிழலில் வாழ்கின்றனர். அதுவும் தற்காலிகமே, 2027 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப்பின் என்ன என்று அவர்களும் கலங்குகின்றனர். ஆயினும் முதல் நாளிலேயே அவர்கள் கையில் ஓர் உரிமை கொடுக்கப்பட்டது.

இப்பொழுது நம் மாவட்டத்தைப் பாருங்கள். பெரம்பலூரை அடுத்த துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. தமிழகமெங்கும் இத்தகைய முகாம்கள் நூற்றுக்கு மேல் உண்டு. 1983 ஜூலைக் கலவரத்திற்குப்பின் படகேறி வந்தவர்களும், அவர்களுக்குப்பின் அலை அலையாய் வந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவற்றில் வாழ்கின்றனர். இரண்டு வாரத்தில் அங்கே நடந்தது, நாற்பது ஆண்டுகளாகியும் இங்கே முழுமையாக நடக்கவில்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது பொய்யாகும். மாதந்தோறும் உதவித்தொகை உண்டு, ரேஷன் உண்டு. 2021-ல் தமிழக அரசு 317 கோடி ரூபாய்க்கு நலத்திட்டங்களை அறிவித்தது; ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. குடும்பத்தலைவருக்கு 1,000 ரூபாயாயிருந்த உதவி 1,500 ஆயிற்று. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுபெற்ற இலங்கைத் தமிழர் பாஸ்போர்ட்டோ விசாவோ இல்லாத காரணத்தால் தண்டிக்கப்படமாட்டார்கள் என்று ஆணையிட்டது. இவற்றுக்காக நன்றி செலுத்துவோம். ஆனால் தண்டனையிலிருந்து விலக்குப் பெறுவது வேறு, குடிமகனாய் நிற்பது வேறு. பொறியியல் படித்த முகாம் வாலிபன் சுவருக்கு வண்ணம் பூசப் போகிறான். அரசு வேலைக்கு அவனால் விண்ணப்பிக்க முடியாது. இங்கேயே பிறந்து, இலங்கையை ஒருமுறையும் கண்டிராத பிள்ளைகளும் அயலாராகவே எண்ணப்படுகின்றனர்.

1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள் என்பது சட்டம். அதைப் பற்றிக்கொண்டு முகாமில் பிறந்த ஒரு பெண் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடி, பாஸ்போர்ட் பெற்று, 2024 தேர்தலில் வாக்களித்தார். அந்த நாளுக்குப்பின் பிறந்தவர்களுக்கோ வாசல் குறுகிப்போயிற்று. 2019-ல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளையே குறிப்பிட்டது; இலங்கை அதில் இல்லை. ‘கிறிஸ்தவர்’ என்ற பெயர் அதில் இருந்தது; நம் ஊரில் நம்மோடு வாழும் இஸ்லாமியரின் பெயர் இல்லை. நம் பெயர் இருந்ததால் நாம் பேசாதிருந்தோமோ? இக்கேள்வியை நான் முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

லப்பைக்குடிக்காட்டில் இருக்கிற நமக்கு இது புரியாத காரியமல்ல. வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் எந்தத் தாயையும் கேளுங்கள். இகாமா முடிகிற தேதியை அவள் மனப்பாடமாய்ச் சொல்வாள். அந்தப் பிள்ளைக்குத் திரும்பிவர ஒரு வீடு உண்டு. முகாமில் இருப்பவனுக்குத் திரும்புவதும் நிச்சயமில்லை, தங்குவதும் நிச்சயமில்லை. வெள்ளாற்றைக் கடந்து அடுத்த மாவட்டத்திற்கு நாம் போகும்போது ஒருவரும் நம் பெயரைக் கேட்பதில்லை. அவர்களோ ஆள் சரிபார்க்கும் நாளில் வரிசையில் நிற்க வேண்டும்.

“ஐயா, இது அரசியல், சபைக்கு இதில் என்ன வேலை?” என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். போவாஸ் போன இடம் எது? வழக்குகள் தீர்க்கப்படும் பட்டணவாசல். ரூத் மோவாபியப் பெண். மோவாபியருக்குச் சபையில் இடமில்லை என்று உபாகமம் 23-ஆம் அதிகாரம் சொல்லியிருக்க, அவளுக்காக அவர் வெளிப்படையாக நின்றார். லேவியராகமம் 19:34-ல் கர்த்தர் பரதேசியைச் சுதேசியைப்போல் எண்ணவும், தன்னைப்போல் நேசிக்கவும் கட்டளையிட்டிருக்கிறார். தானியம் கொடுத்ததோடு போவாஸ் திரும்பியிருந்தால், மத்தேயு முதலாம் அதிகாரத்து வம்சவரலாற்றில் ரூத்தின் பெயரை நாம் வாசிப்போமா?

டிசம்பர் வந்தால் அரிசியும் சேலையும் கொண்டு முகாமுக்குப் போகிறோம். புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். நானும் அப்படித் திரும்பியவன்தான். அரிசி வேண்டாம் என்று சொல்லவில்லை. போவாஸும் வாற்கோதுமையைத்தான் முதலில் கொடுத்தார். இம்முறை வேறொன்றையும் சேர்த்துக்கொள்வோம். நம் விருப்பத்தைச் சொல்லுமுன் அவர்கள் விருப்பத்தைக் கேட்போம். யாழ்ப்பாணத்துக்கோ மன்னாருக்கோ திரும்ப விரும்புகிறவர் உண்டு. இங்கேயே வேரூன்ற விரும்புகிறவர் உண்டு. திரும்புகிறவருக்குப் பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகளைச் சரிசெய்ய, படித்தவர்கள் நம் சபையில் உதவலாம். தங்க விரும்புகிறவருக்காக, குடியுரிமை அளிக்கும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் இருப்பதால், நம் நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சபையார் கையெழுத்திட்டு மனு எழுதலாம். அண்டை வீட்டு இஸ்லாமியரையும் இந்துக்களையும் சேர்த்துக்கொண்டால், அது ஊரின் குரலாகும்.

இந்தக் காரியத்தை இன்றைக்கே முடிக்கும்வரை போவாஸ் ஓய்ந்திருக்கமாட்டார் என்று நகோமி ரூத்துக்குத் தைரியம் சொன்னாள். முகாமில் காத்திருக்கும் ஒரு தாய், நம் சபையைக் குறித்துத் தன் மகளிடம் அப்படிச் சொல்லக்கூடுமா?

ஜெபம்: குழந்தையாய் எகிப்துக்குத் தப்பியோடின ஆண்டவரே, எங்கள் கைகளைக் களத்தில் திறந்தீர், எங்கள் வாய்களைப் பட்டணவாசலிலும் திறந்தருளும். ஆமென்.